அமெரிக்கக் கவுண்டியில் நிலம் வாங்குகிறீர்களா? அரசின் விவசாயப் பணம் யாருக்கு, எப்படி வரும்

ஐடி வேலைக்காக இல்லினாய்ஸ் மாநிலத்தின் புளூமிங்டன்-நார்மல் பக்கம் வந்து, வீடும் வாங்கி முடித்து, அடுத்து ஒரு நாற்பது ஏக்கர் நிலம் வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "கவர்மென்ட் சப்சிடி எவ்வளவு வரும்?" என்றுதான். சுற்றிலும் மெக்லீன், லிவிங்ஸ்டன், லோகன் என்று எந்தக் கவுண்டிக்குள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வண்டியை ஓட்டினாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அத்தனை நிலத்துக்கும் அரசுப் பணம் போகிறது என்று கேள்விப்படும்போது அந்தக் கேள்வி வருவது இயல்பு.

பதில் பலருக்குப் பிடிக்காது. நிலத்தை வாங்கி ரொக்கக் குத்தகைக்கு விடப் போகிறீர்கள் என்றால், பயிர்ச் சப்சிடியில் உங்களுக்கு ஒரு டாலரும் வராது. உழுகிறவருக்குத்தான் வரும்.

ஊரில் பிஎம் கிசான் 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் வந்து விழும். உழுகிற குத்தகைக்காரருக்குக் கிடையாது. இங்கே அப்படியே நேரெதிர். பயிரின் லாப நஷ்டம் யார் தலையில் விடிகிறதோ அவருக்குத்தான் பணம். அதுவும் தானாக வராது. ஒவ்வொரு வருடமும் தாள்களைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான் வரும்.

எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்

எல்லாவற்றையும் சப்சிடி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வழிகள் பல. மக்காச்சோளம், சோயா, கோதுமை மாதிரியான பயிர்களுக்கு விலையோ வருமானமோ விழுந்தால் ஈடு கட்டுவது ஆர்க், பிஎல்சி என்ற இரண்டு திட்டங்கள். நிலத்தைப் பயிர் செய்யாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டால் 10 முதல் 15 வருடத்துக்கு வாடகை கொடுப்பது சிஆர்பி. மண், நீர் பாதுகாப்பு வேலைகளுக்குச் செலவில் பங்கு தருவது எக்விப். இவை தவிர வர்த்தகச் சண்டை, விலைச் சரிவு, வறட்சி என்று ஏதாவது வரும்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோ வேளாண்மைத் துறையோ ஒருமுறைப் பணமாக அறிவிப்பது தனி.

பயிர்க் காப்பீட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது என்றாலும், அதை விற்பது தனியார் ஏஜென்ட். அவரிடம் தனியாகப் போக வேண்டும்.

சிஆர்பி, ஆர்க், பிஎல்சி எல்லாவற்றையும் நடத்துவது வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமை. எல்லோரும் எஃப்எஸ்ஏ என்பார்கள். பெரும்பாலான விவசாயக் கவுண்டிகளில் அதற்கு அலுவலகம் உண்டு. எக்விப் நடத்தும் என்ஆர்சிஎஸ் என்ற மண், நீர் பாதுகாப்பு முகமை பெரும்பாலும் அதே கட்டடத்தில் அடுத்த மேஜையில் இருக்கும்.

நிலம் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய ஒரு தாள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலானோர் பத்திரம் பதிந்த பிறகுதான் இந்தத் தாளைப் பற்றியே கேள்விப்படுகிறார்கள். பெயர் எஃப்எஸ்ஏ-156இஇசட். நிலத்தின் சுருக்கப் பதிவேடு. விற்பவரிடம் இதையும் நிலத்தின் வான்படத்தையும் கேளுங்கள். நீங்களே கவுண்டி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் தரமாட்டார்கள். 2008 விவசாயச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு, விவசாயி கொடுத்த நில விவரங்களை வெளியாருக்குத் தருவதைத் தடுக்கிறது. நிலம் உங்கள் பெயருக்கு வரும்வரை நீங்கள் வெளியார்தான். ஆனால் விற்பவர் கேட்டால் உடனே அச்சடித்துக் கொடுப்பார்கள்.

தாளின் மேலே பண்ணை எண்ணும் டிராக்ட் எண்ணும் இருக்கும். ஒரே உரிமையாளரின் தொடர்ச்சியான நிலம் ஒரு டிராக்ட். ஒரே ஆள் நடத்தும் டிராக்ட்கள் சேர்ந்து ஒரு பண்ணை எண். கீழே பயிர் நிலம் எத்தனை ஏக்கர் என்று இருக்கும். நாற்பது ஏக்கர் வாங்கியவருக்கு அங்கே 36 சொச்சம் என்று பார்த்ததும் திக்கென்று இருக்கும். பயப்பட வேண்டாம். சாலையோரம், ஓடை, புல் விட்ட நீர்வழி, பழைய வீட்டு மனை எல்லாம் கழிந்தது போக மீதி அது. வான்படத்தில் ஒவ்வொரு வயலையும் கோடு போட்டு, எண் கொடுத்து, ஏக்கரைத் தசமத்தோடு எழுதியிருப்பார்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கட்டம். இப்படி இருக்கலாம்: மக்காச்சோளம், பேஸ் 19.2 ஏக்கர், பிஎல்சி மகசூல் (ஏக்கருக்கு இத்தனை புஷல் என்று பதிவில் உள்ள அளவு; புஷல் என்பது இங்கே தானியம் அளக்கும் அளவை) 152. சோயா, பேஸ் 14.5 ஏக்கர், மகசூல் 48. அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பணமே கணக்காகிறது.

பேஸ் ஏக்கர் என்பது நீங்கள் இந்த வருடம் போட்ட பயிர் அல்ல. அந்த நிலத்தில் பல வருடங்களுக்கு முன் என்ன விளைந்தது என்பதை வைத்து எழுதி வைத்த கணக்கு. முழு வயலிலும் சோயா போட்டாலும் மக்காச்சோள பேஸுக்கு மக்காச்சோள விலையை வைத்துத்தான் பணம் வரும். பேஸ் இல்லாத நிலம் என்றால், எவ்வளவு நன்றாக விளைந்தாலும் ஆர்க், பிஎல்சி இரண்டும் கிடையாது. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்க வழி செய்திருக்கிறது. 2019 முதல் 2023 வரை என்ன நட்டார்கள் என்பதுதான் அதற்கு அடிப்படை. அதனால் விற்பவரிடம் அந்த ஐந்து வருடப் பயிர் விவரத்தையும் வாங்கி வையுங்கள்.

பெரிய பண்ணையில் ஒரு துண்டை மட்டும் வாங்குகிறீர்களா? பேஸை எப்படிப் பிரிப்பது என்று விற்பவரோடு பத்திரத்துக்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் பயிர் நிலத்தின் விகிதத்தில் அலுவலகமே பிரித்துவிடும். அது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நிலம் சிஆர்பியில் இருந்தால் ஒப்பந்தத்தின் மீதி வருடங்களை நீங்கள் ஏற்கப் போகிறீர்களா இல்லையா என்பதும் விலை பேசும்போதே தீர வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் ஒப்பந்தம் முறிந்து, விற்பவர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். புதிதாக சிஆர்பியில் சேர நினைத்தால், பொதுவாக நிலம் 12 மாதமாவது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

குத்தகைப் பத்திரம்தான் பங்கைத் தீர்மானிக்கிறது

ரொக்கக் குத்தகை என்றால் ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று உங்கள் கைக்கு வந்துவிடும். விலை ஏறினாலும் விழுந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. அதனால் சப்சிடி முழுவதும் குத்தகைக்காரருக்கு. வாரக் குத்தகை, அதாவது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்வது, என்றால் வேறு. விளைச்சலில் பாதிப் பாதி என்றால் பணமும் பாதிப் பாதி, மூன்றில் ஒன்று என்றால் அதுவும் அப்படியே. வாரத்தில் விட்டுவிட்டு முழுப் பணத்தையும் ஒருவரே எடுத்துக்கொள்ள முடியாது. அலுவலகம் அதைப் பார்க்கும். விலைக்கேற்ப வாடகை மாறும் ஃப்ளெக்ஸ் குத்தகை எழுதினால், அதை ரொக்கமாகப் பார்ப்பார்களா வாரமாகப் பார்ப்பார்களா என்று பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

"அப்போ ரொக்கத்துக்கு விட்டால் நமக்கு நஷ்டமா?" என்று கேட்டால், நான் அப்படி நினைக்கவில்லை. குத்தகைக்காரர் வாடகை பேசும்போதே அரசுப் பணத்தையும் மனதில் போட்டுத்தான் பேசுகிறார். சுற்று வழியில் அதில் ஒரு பகுதி நில உரிமையாளருக்கும் வந்துவிடுகிறது. நிலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கிறவருக்கு ரொக்கம்தான் நிம்மதி.

விசாவில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்ட வேண்டாம்

குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் அடுத்த பகுதிக்குப் போகலாம். எச்-1பியில் இருக்கிறவர் விவசாய நிலம் வாங்கினால், கூட்டரசுச் சட்டத்தின்படி அவர் வெளிநாட்டவர். 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நிலம் கைக்கு வந்த 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தை அந்தக் கவுண்டி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். மொத்தம் 10 ஏக்கரைத் தாண்டாது, விளைபொருள் வருமானமும் வருடம் 1,000 டாலரைத் தாண்டாது என்றால் விலக்கு. மற்றபடி கொடுக்காமல் விட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். வீடு வாங்கித் தந்த ஏஜென்ட்டுக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாநிலச் சட்டம் தனியாக ஏதாவது கேட்கிறதா என்பதையும் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எல்எல்சி வைத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. அதில் எச்-1பியில் இருக்கும் ஒருவரின் பங்கு 10 சதவீதத்தைத் தொட்டாலே இந்த அறிவிப்புக் கடமை வந்துவிடும்.

சப்சிடியிலும் சிக்கல் உண்டு. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் நிலம், முதலீடு, கூடவே கணிசமான சொந்த உடலுழைப்பு மூன்றையும் போட்டால்தான் பயிர்ப் பணத்துக்குத் தகுதி. எச்-1பியில் இருந்துகொண்டு வயலில் வேலை செய்தால் விசா என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. அதைக் குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

அலுவலகத்தில் முதல் நாள்

முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். மார்ச்சிலும் ஜூலையிலும் நேரம் கிடைப்பது கஷ்டம். பதிவான பத்திர நகல், குத்தகைப் பத்திரம், சோஷியல் செக்யூரிட்டி எண், எல்எல்சி என்றால் அதன் வரி எண்ணும் உறுப்பினர் பட்டியலும், வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை, கிரீன் கார்டு இருந்தால் அது. இவ்வளவு போதும்.

முதலில் உங்களைப் பதிவு செய்வார்கள். பிறகு வரிசையாகப் படிவங்கள். சிசிசி-902 என்பது நீங்கள் எப்படி விவசாயம் செய்கிறீர்கள் என்று சொல்லும் திட்டம்: நிலம் யாருடையது, பணம் யார் போடுகிறார், டிராக்டர் யாருடையது, முடிவெடுப்பது யார், வேலை செய்வது யார். இதில் எழுதுவதும் குத்தகைப் பத்திரமும் ஒத்துப்போக வேண்டும். சிசிசி-941 வருமானத்துக்கு. மூன்று வருடச் சராசரி 9 லட்சம் டாலருக்கு மேல் என்றால் தகுதியில்லை. அந்தக் கவலை நம்மில் பலருக்கு இருக்காது.

ஏடி-1026ஐ மட்டும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மண் அரிப்பு அதிகமுள்ள நிலத்தைத் திட்டமில்லாமல் உழமாட்டேன், ஈரநிலத்தை வடித்துப் பயிர் நிலமாக்க மாட்டேன் என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. 1985 விவசாயச் சட்டத்தில் வந்த விதி. இந்தப் பக்கம் மண்ணுக்கடியில் டைல் குழாய் போட்டுத் தண்ணீர் வடிப்பது சகஜம். ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறதே என்று ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் குழாய் இறக்கி, அந்த மூலை பதிவேட்டில் ஈரநிலமாக இருந்துவிட்டால், அந்த ஒரு மூலைக்காக உங்கள் எல்லா நிலத்துக்கும் வரும் பணம் நின்றுபோகும். குழாய்க்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள், என்ஆர்சிஎஸ் வந்து பார்த்துச் சொல்லும்.

விவசாயம் தொடங்கி 10 வருடம் ஆகாதவர் புது விவசாயி. சிசிசி-860 படிவத்தில் அதைச் சொல்லிவைத்தால் சில கட்டணங்கள் தள்ளுபடி ஆகும். இன்னொரு வசதியும் உண்டு. பேஸ் மொத்தமே 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ என்றால் ஆர்க், பிஎல்சி பணம் வராது என்பது விதி. புது விவசாயிக்கு அதில் விலக்கு. நேரில் போக முடியாதவர் எஃப்எஸ்ஏ-211 மூலம் வேறொருவருக்குக் கையெழுத்து அதிகாரம் கொடுக்கலாம். எதற்கெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று பார்த்து டிக் அடியுங்கள்.

ஜூலை 15

நம் ஊரில் யார் வயலில் என்ன பயிர் என்று விஏஓ அடங்கலில் எழுதுவார். இங்கே அந்த வேலை விவசாயி தலையில். வசந்த காலத்தில் விதைத்த மக்காச்சோளம், சோயாவுக்கு ஜூலை 15க்குள் எஃப்எஸ்ஏ-578 கொடுக்க வேண்டும். வான்படத்தை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு வயல் வயலாகக் கேட்பார்கள்: என்ன பயிர், எந்தத் தேதி விதைத்தது, யாருக்கு எத்தனை பங்கு. அதனால் விதைக்கிற நாளிலேயே தேதியைக் குறித்து வையுங்கள். இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமைக்கு இங்கே டிசம்பர் 15.

பேஸ் இல்லாதவரும் இதைக் கொடுப்பது நல்லது. திடீர் உதவித் தொகைகள் பல இந்தத் தாளை வைத்துத்தான் கணக்கானவை. 2025இல் அவசரப் பயிர் உதவி என்று ஒன்று கொடுத்தார்கள். 2024இல் விதைத்த மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76 டாலர் என்று விகிதம் போட்டார்கள். அதற்குக் கணக்கு, விதைத்ததாகப் பதிவான ஏக்கர்தான். பேஸைப் பார்க்கவில்லை.

ஆர்க்கா, பிஎல்சியா?

பிஎல்சி விலையை மட்டும் பார்க்கும். அரசு ஒரு குறிப்பு விலை வைத்திருக்கிறது. முன்பு மக்காச்சோளம் புஷலுக்கு 3.70 டாலர், சோயா 8.40. 2025 சட்டம் அதை 4.10, 10.00 என்று ஏற்றியது. கடந்த வருடங்களின் விலை நன்றாக இருந்திருந்தால் நடைமுறைக் குறிப்பு விலை இதைவிடக் கொஞ்சம் மேலே போகும். நாடு முழுவதற்குமான சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே விழுந்தால் வித்தியாசத்தைத் தருவார்கள்.

பேச்சுக்கு வித்தியாசம் 20 சென்ட் என்று வையுங்கள். 30 ஏக்கர் மக்காச்சோள பேஸ், பிஎல்சி மகசூல் 150 புஷல். பணம் பேஸில் 85 சதவீதத்துக்குத்தான். 0.20 × 150 × 30 × 0.85 என்றால் 765 டாலர். பட்ஜெட் வெட்டாக 5.7 சதவீதம் பிடிப்பார்கள். கையில் வருவது சுமார் 721. நிலத்தின் விலை ஏக்கர் 10,000 டாலரைத் தாண்டும் ஊரில் இது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வருடத்துக்கு 1,55,000 டாலர் உச்சவரம்பு என்று செய்தியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவது.

ஆர்க் வருமானத்தைப் பார்க்கும். கவுண்டியின் சராசரி மகசூலை விலையால் பெருக்கி, முந்தைய ஐந்து வருட அளவோடு ஒப்பிட்டு, அதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம். அதற்கும் 12 சதவீதம் என்ற மேல்வரம்பு உண்டு. கவனியுங்கள், கவுண்டியின் மகசூல். உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி மழை கொட்டி, கவுண்டி முழுக்க அமோக விளைச்சல் என்றால் ஆர்க்கில் ஒன்றும் வராது. அந்த மாதிரி நஷ்டத்துக்குக் காப்பீடுதான் வழி.

எது நல்லது? 2025 பயிருக்கு அந்தக் கேள்வியே வேண்டாம் என்று சட்டமே இரண்டில் எது அதிகமோ அதைத் தரச் சொல்லிவிட்டது. மற்ற வருடங்களில் பயிர் வாரியாகத் தேர்ந்தெடுத்து, அறிவித்த கெடுவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக அது மார்ச் 15. நிலம் குத்தகையில் என்றால் பங்கு உள்ளவர் தேர்ந்தெடுப்பார். ரொக்கத்துக்கு விட்டவருக்கு இதில் வேலை இல்லை.

வெண்டையும் மிளகாயும் போடப் போகிறவர்களுக்கு

நம்மவர்களில் பலருக்கு ஆசை இதில்தான் இருக்கிறது. காய்கறிக்கு ஆர்க், பிஎல்சி இல்லை. அதோடு பேஸ் நிலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பழமோ காய்கறியோ போட்டால், கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு ஏக்கருக்கும் பணம் பெறும் ஏக்கர் குறையும். ஒரு சுவையான விதிவிலக்கு: பாசிப்பயறு இந்தத் தடையில் சேராது என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

வழக்கமான பயிர்க் காப்பீடு கிடைக்காத பயிருக்கு நாப் என்ற பேரிடர்த் திட்டம் உண்டு. பயிருக்கு 325 டாலர் கட்டணம். புது விவசாயிக்கு இது தள்ளுபடி. சீசனுக்கு முன்பே சேர வேண்டும். புயல் அடித்த பிறகு போனால் கதவு மூடியிருக்கும்.

ஏப்ரலிலும் பனி விழும் ஊரில் மிளகாய்க்கு பாலித்தீன் கூடாரம் உதவும். எக்விப்பில் அதற்குப் பணம் தருகிறார்கள். என்ஆர்சிஎஸ் மேஜையில் விண்ணப்பம் கொடுத்து, அவர்கள் நிலத்தைப் பார்த்து, மதிப்பெண் போட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஒரு கம்பிகூட நடாதீர்கள். முன்னதாகவே தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் கிடையாது.

பணம் எப்போது வரும், வராவிட்டால்?

பொறுமை வேண்டும். மக்காச்சோளம், சோயா விற்பனை ஆண்டு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை. அது முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகுதான் கணக்கு. 2025இல் விளைந்ததற்கு ஆர்க், பிஎல்சி பணம் 2026 அக்டோபரில். சிஆர்பி வாடகையும் அக்டோபர் வாக்கில்தான். நேராக வங்கிக்கு வரும். ஜனவரியில் 1099-ஜி படிவம் வரும். இது வரி கட்ட வேண்டிய வருமானம், கணக்கில் காட்டுங்கள். அரசுக்கு வேறு கடன் பாக்கி இருந்தால் பிடித்துக்கொண்டுதான் மீதி வரும்.

வர வேண்டியது வரவில்லை, அல்லது தகுதியில்லை என்று கடிதம் வந்தது என்றால், கடிதத் தேதியையும் கடைசிப் பத்தியையும் முதலில் படியுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். மறுபரிசீலனை கேட்கலாம், கவுண்டிக் கமிட்டியிடம் போகலாம், மத்தியஸ்தம் கேட்கலாம், அதற்கு மேல் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. கவுண்டிக் கமிட்டியில் இருப்பவர்கள் அதிகாரிகள் அல்ல, அந்தப் பகுதி விவசாயிகள் ஓட்டுப் போட்டு மூன்று வருடத்துக்குத் தேர்ந்தெடுத்த விவசாயிகள்தான். அந்த ஓட்டுச் சீட்டு இலையுதிர் காலத்தில் உங்களுக்கும் தபாலில் வரலாம். விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.